அகழி சூழ்ந்த மேனர் வீடுகள்: இங்கிலாந்துக் கிராமங்களில் நீங்கள் கவனிக்காமல் கடந்துபோகும் நாலு மூலைப் பள்ளங்கள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இங்கிலாந்தின் பெரிய கோட்டைகளைப் பற்றி எழுதப் போதுமான ஆட்கள் இருக்கிறார்கள். வயலுக்கு நடுவே, முள்மரங்கள் மூடிக்கிடக்க, நாலு பக்கமும் பள்ளமும் நடுவில் வெறும் புல்மேடுமாக இருக்கும் இடங்களைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் கேட்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

முதலில், இது என்ன? சின்ன கோட்டையா?

இல்லை. இது வீடு. மேனர் என்பது இடைக்கால இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் கையில் இருந்த நிலம், அதில் பாடுபட்ட குடியானவர்கள், அவர்கள் கட்டவேண்டிய வாரம் (நிலத்துக்கான குத்தகை), அவர்கள் வழக்கை விசாரித்த மன்றம் எல்லாம் சேர்ந்த ஓர் அமைப்பு. அந்த நிலத்தை நிர்வகித்த பண்ணை வீடுதான் மேனர் வீடு. அந்த வீட்டைச் சுற்றி, பெரும்பாலும் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ, அகலமான பள்ளம் வெட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். உள்ளே இருக்கும் நிலம் ஒரு தீவு மாதிரி ஆகிவிடும், ஆய்வாளர்களும் அதைத் தீவு என்றுதான் சொல்கிறார்கள். வட்டமாக வெட்டியதும் உண்டு, இரண்டு மூன்று தீவுகள் ஒட்டி இருப்பதும் உண்டு.

இங்கிலாந்தில் மட்டும் இப்படிச் சுமார் 6,000 இடங்கள் தெரியவந்திருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் இன்று வீடே கிடையாது.

எப்போது வெட்டினார்கள்?

12ஆம் நூற்றாண்டில் சில, 16ஆம் நூற்றாண்டு வரைக்கும் சில. ஆனால் பெரும் அலை என்றால் 1250 முதல் 1350 வரையான நூறு ஆண்டுகள்தான். ஏன் அந்த நூறு ஆண்டுகள்? வில்லியம் மன்னர் 1086இல் நாட்டின் நிலங்களைக் கணக்கெடுத்ததிலிருந்து 1300க்குள் மக்கள்தொகை இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிவிட்டது. தானிய விலை ஏறியது, கூலி குறைவாகவே நின்றது, காட்டை வெட்டிப் புதிய வயல்கள் உண்டாயின, கம்பளி ஏற்றுமதியில் பணம் கொட்டியது. நிலம் வைத்திருந்தவன் கையில் பணமும், தோண்ட மலிவான ஆட்களும் ஒரே நேரத்தில் கிடைத்த காலம் அது. இந்த இரண்டும் சேராமல் அகழி வராது, ஏன் என்று தோண்டும் கணக்கைச் சொல்லும்போது புரியும்.

எதிரிகளைத் தடுக்கத்தானே அகழி? வேறு எதற்கு?

இந்தப் பக்கத்துக்கே முக்கியமான கேள்வி இதுதான், கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

படையெடுத்து வரும் ஒரு சேனையை இந்த அகழிகள் ஒரு நாள்கூடத் தடுத்திருக்காது. பல அகழிகள் ஐந்தாறு மீட்டர் அகலம், இடுப்பளவு தண்ணீர், அவ்வளவுதான். நாலு கட்டு விறகைப் போட்டு நிரப்பிவிட்டு நடந்து போய்விடலாம். உள்ளே மதில் இல்லை, கோபுரம் இல்லை, பல இடங்களில் மரச்சட்டமும் மண்சுவரும் கொண்ட வீடு, தீப்பந்தம் ஒன்று போதும். சில அகழிகள் மூன்று பக்கம்தான் இருக்கின்றன, நாலாவது பக்கம் ஆரம்பத்திலிருந்தே திறந்திருந்தது. போருக்கு வெட்டுபவன் இப்படி வெட்ட மாட்டான்.

ஆனால் பயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1264 முதல் 1267 வரை மூன்றாம் ஹென்றிக்கும் சைமன் டி மான்ட்ஃபோர்ட் பக்கம் நின்ற பிரபுக்களுக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் கிராமப்புற வீடுகள் நிறையக் கொள்ளைபோயின. 1285இல் முதலாம் எட்வர்ட் போட்ட வின்செஸ்டர் சட்டம், சந்தைக்குப் போகும் பெருவழிகளின் இரு பக்கமும் 200 அடிக்குப் புதர்களை வெட்டிவிடச் சொல்கிறது, திருடன் மறைந்திருக்க இடமே இருக்கக்கூடாது என்பதற்காக. லெஸ்டர்ஷயரில் ஃபோல்வில் சகோதரர்கள் என்று ஒரு கும்பல் இருந்தது, அவர்களே ஒரு மேனர் குடும்பத்துப் பிள்ளைகள்தான். 1326 ஜனவரியில் அரசுக் கருவூல நீதிபதி ரோஜர் பெல்லர்ஸை வழிமறித்துக் கொன்றார்கள். 1332இல் ரிச்சர்ட் வில்லோபி என்ற நீதிபதியைக் கடத்தி 1,300 மார்க் (அக்காலப் பணக்கணக்கு) பணயத்தொகை வாங்கிக்கொண்டு விடுவித்தார்கள். நீதிபதிக்கே அந்தக் கதி என்றால், ராத்திரி வீட்டைச் சுற்றித் தண்ணீரும், வருவதற்கு ஒரே ஒரு பாலமும் இருப்பது எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாடு திருட வருபவன், வலுச்சண்டைக்கு வரும் பக்கத்துப் பண்ணைக்காரன், ஓநாய்க் கூட்டம் மாதிரி வரும் ஐந்தாறு பேர், இவர்களுக்கு அகழி போதும்.

ஆனாலும் இது இரண்டாவது காரணம்தான். முதல் காரணம் அந்தஸ்து. ராஜாவின் கோட்டைக்கு அகழி இருக்கிறது, ஏர்ல் என்ற உயர்பிரபுவின் வீட்டுக்கு அகழி இருக்கிறது, எனக்கும் இருக்க வேண்டும். நாலு பக்கமும் தண்ணீர் நின்றால் வீடு தண்ணீரில் இரட்டிப்பாகத் தெரியும். வருபவன் நேராக வாசலுக்கு வந்துவிட முடியாது, பாலத்தில் இறங்கி நடந்து, வாயில்கட்டிடத்தைக் கடந்து, முற்றத்தில் நின்றுதான் கூப்பிட வேண்டும். வாரம் கட்ட வரும் குடியானவனுக்கு ஒவ்வொரு தடவையும் அந்த நடை எதைச் சொல்லியிருக்கும்?

ஷ்ராப்ஷயரில் உள்ள ஸ்டோக்சே இதற்கு நல்ல சாட்சி. லட்லோ ஊர் லாரன்ஸ் என்ற கம்பளி வியாபாரி 1281இல் அந்த மேனரை வாங்கிக் கட்டியது. 1291இல் அரண் கட்ட ராஜாவிடம் உரிமமும் வாங்கினார். அகழி உண்டு, கோபுரம் உண்டு, கோட்டை என்றே பெயரும் வந்துவிட்டது. ஆனால் பெரிய கூடத்தில் ஆளுயரத்துக்கும் மேலான ஜன்னல்கள் வரிசையாக இருக்கின்றன, முற்றத்துப் பக்கம் மட்டுமல்ல, வெளிப்பக்கமும். முற்றுகைக்குப் பயந்தவன் வெளிப்பக்கம் அவ்வளவு பெரிய ஜன்னல் வைப்பானா? லாரன்ஸ் அந்த வீட்டில் அதிக காலம் வாழவும் இல்லை, 1294இல் கம்பளி ஏற்றிப்போன கப்பல் சஃபோக் கரையோரம் மூழ்கியதில் இறந்துபோனார்.

அந்தஸ்து, பாதுகாப்பு தவிர வேறு பயன் உண்டா?

நிறைய. எனக்கு ரொம்பப் பிடித்த பயன் வடிகால். சஃபோக், எசெக்ஸ் மேட்டுநிலம் முழுவதும் பனியுகத்தில் பனிப்பாறைகள் விட்டுப்போன கனமான களிமண். மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே இறங்கவே இறங்காது, முற்றம் முழுக்கச் சேறாகிவிடும். சுற்றிப் பள்ளம் வெட்டி அந்த மண்ணை நடுவில் போட்டால், வீடு நிற்கும் இடம் உயர்ந்து காய்ந்து இருக்கும், தண்ணீர் பள்ளத்துக்கு ஓடிவிடும். குளிர்காலத்தில் அந்தக் களிமண் வயலில் ஒரு மைல் நடந்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். முதல் தடவை அப்படி ஓர் இடத்தைத் தேடிப் போனபோது என் காலணி ஒவ்வொன்றும் இரண்டு கிலோ எடையாகிவிட்டது, தீவின் மேல் ஏறி நின்றதும் கால் புதையவே இல்லை.

அப்புறம் மீன். வெள்ளிக்கிழமைகளிலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுவதும் இறைச்சி கூடாது என்பது திருச்சபை விதி. கடல் மீன் உப்பிட்டோ உலர்த்தியோதான் உள்நாட்டுக்கு வரும். உயிரோடு பிடித்த நன்னீர் மீன், குறிப்பாக பிரீம், பைக் போன்றவை விலை உயர்ந்தவை, விருந்துக்கு உரியவை. அகழியிலும் அதையொட்டி வெட்டிய மீன்குளங்களிலும் அவற்றை வளர்த்தார்கள், விலாங்கும் இருக்கும். நாம் குளத்து மீன் என்றதும் நினைக்கும் கெண்டை வகை இங்கிலாந்துக்கு 15ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது, ஆகவே 1300இல் ஒரு பண்ணை அகழியில் கெண்டை நீந்தியதாக எழுதினால் அது தவறு.

ஆடுமாடு குடிக்கத் தண்ணீர், மர வீடு தீப்பற்றினால் அணைக்கக் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், வாத்து, நாணல். இதெல்லாம் சின்ன விஷயங்கள்தான், ஆனால் தினசரி விஷயங்கள்.

கழிப்பறைத் தண்ணீரும் அதே அகழிக்குத்தான் போனதாமே? நாறாதா?

போனது. வெளிச்சுவரில் கட்டிய கழிப்பறையிலிருந்து குழாய் மாதிரி ஒரு சரிவு நேராக அகழியில் இறங்கும். ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டி ஒரு பக்கம் தண்ணீரை உள்ளே விட்டு, மறுபக்கம் மதகு வைத்து வெளியேற்றிய அகழிகளில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், பிரச்சினை குறைவு. மழைநீரை மட்டும் நம்பிய அகழி கோடையில் நாறத்தான் செய்திருக்கும். அதனால்தான் பல தீவுகளில் குடிக்கத் தனிக் கிணறு இருந்தது, அகழியையும் அவ்வப்போது தூர் வாரினார்கள்.

இந்தக் கழிவுநீர்ப் பாதை ஒரு தடவை பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. வாரிக்‌ஷயரில் பேட்ஸ்லி கிளின்டன் என்ற அகழி வீடு, ஃபெரர்ஸ் குடும்பத்துக்குச் சொந்தம். முதலாம் எலிசபெத் ராணி காலத்தில் கத்தோலிக்கப் பாதிரியார்களுக்குச் சட்டப்படி மரண தண்டனை. அந்த வீட்டை ஆன் வாக்ஸ் என்ற பெண்மணியும் அவர் சகோதரியும் வாடகைக்கு எடுத்து யேசு சபைப் பாதிரியார்களுக்குப் புகலிடமாக வைத்திருந்தார்கள். 1591 அக்டோபரில் ஒரு விடியற்காலை அதிகாரிகள் கதவைத் தட்டினார்கள். ஹென்றி கார்னெட், ராபர்ட் சவுத்வெல், ஜான் ஜெரார்ட் உட்பட வீட்டிலிருந்த பாதிரியார்கள் தரைக்கு அடியில் இருந்த குறுகலான பழைய கழிவுநீர்ச் சுரங்கத்தில் இறங்கி, கணுக்கால் அளவு தண்ணீரில் ஏறக்குறைய நாலு மணி நேரம் அசையாமல் நின்றார்கள். தேடியவர்கள் கண்டுபிடிக்கவில்லை. உள்ளே நின்றவர்களில் ஒருவரான ஜெரார்டே பிற்பாடு இதை எழுதிவைத்திருக்கிறார். அந்த இடத்தை இன்றும் பார்க்கலாம்.

ஓர் அகழி வெட்ட எத்தனை பேர், எத்தனை நாள்?

நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், எந்த ஆவணத்திலிருந்தும் எடுத்தது இல்லை. தீவு ஒரு பக்கம் 50 மீட்டர் உள்ள சதுரம் என்று வைத்துக்கொள்வோம், நடுத்தர அளவுதான். பள்ளம் மேலே 10 மீட்டர் அகலம், அடியில் 6 மீட்டர், ஆழம் 2 மீட்டர். நடுக்கோடு வழியாக அளந்தால் சுற்றளவு 240 மீட்டர். ஆக வெளியே வரும் மண் சுமார் 3,800 கன மீட்டர். ஓரத்தில் மட்டும் இரும்பு பொருத்திய மர மண்வெட்டியால் ஈரக் களிமண்ணை வெட்டி, கூடையில் மேலே தூக்கி, ஓர் ஆள் ஒரு நாளைக்கு 2 கன மீட்டர் என்று வைத்தால் 1,900 ஆள்நாட்கள். இருபது பேர் விடாமல் செய்தால் மூன்று மாதத்துக்கு மேல். அந்த மண் முழுவதையும் தீவின் மேலேயே பரப்பினால் ஒன்றரை மீட்டர் உயரும்.

இந்த எண்ணைப் பார்த்த பிறகு எனக்கு அந்தப் பள்ளங்கள் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன. அகழி யாருடையது என்று எல்லாப் பலகைகளும் எழுதுகின்றன, வெட்டியது யார் என்று எழுதுவதில்லை. அங்கே வாழ்ந்த குடியானவர்கள்தான் வெட்டினார்கள், கூலிக்கும், மேனர் வழக்கப்படி செய்தே ஆகவேண்டிய உழைப்புக்கும். அவர்கள் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்காத இடங்கள்தான் அதிகம், ஆனால் அவர்கள் கைவேலை 700 ஆண்டுகளாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறது.

தண்ணீர் எப்படி நிற்கிறது? சிமெண்ட் எல்லாம் கிடையாதே?

களிமண் தானே பிடித்துக்கொள்ளும். மணல் கலந்த இடமாக இருந்தால் வெளியிலிருந்து களிமண் கொண்டுவந்து, நனைத்து மிதித்து, அடியிலும் பக்கத்திலும் பூசுவார்கள். அகழி வீடுகள் கிழக்கு, மத்திய இங்கிலாந்தில் குவிந்திருப்பதற்கும் (சஃபோக், எசெக்ஸ், கேம்பிரிட்ஜ்‌ஷயர், வாரிக்‌ஷயரின் ஆர்டன் பகுதி, வூஸ்டர்‌ஷயர்) சுண்ணாம்புக் குன்றுகளில் அபூர்வமாக இருப்பதற்கும் பெரிய காரணம் இந்த மண்தான்.

எல்லாமே பெரிய பிரபுக்களுடையதா?

இல்லவே இல்லை. ஒரு சஃபோக் கிராம எல்லைக்குள்ளேயே நாலைந்து அகழிகள் இருக்கும், அத்தனை பிரபுக்களா அந்தச் சின்ன ஊரில் இருந்திருப்பார்கள்? ஒன்று மேனர் பிரபுவுடையது. மற்றவை வசதியாக வளர்ந்த சொந்த நிலக்காரர்களுடையவை, மடாலயத்தின் வெளியூர்ப் பண்ணைகள், சில இடங்களில் ஊர்ப் பாதிரியாரின் வீடு, வேட்டைப் பூங்காவின் காவலர் வீடு. ஆர்டன் பகுதியில் காட்டைத் திருத்திப் புதுநிலம் கண்ட நடுத்தரக் குடும்பங்கள் வெட்டிய சின்னச் சின்ன அகழிகள் நிறைய. தோட்டத்துக்கும் பழமரங்களுக்கும் என்றே வெட்டியதும் உண்டு. பெரியவர் செய்ததைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர்.

அகழி வெட்ட ராஜாவிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

அகழிக்கு வேண்டாம். சுவர்மேல் பல்வரிசை மாதிரி இருக்கும் கொத்தளம் கட்டத்தான் உரிமம். அந்த உரிமம் வாங்குவதே ஒரு பெருமை, கட்டாமலே வாங்கி வைத்தவர்களும் உண்டு, வாங்காமலே கட்டியவர்களும் உண்டு. யார்க்‌ஷயரில் ரிப்பன் பக்கத்தில் மார்க்கன்ஃபீல்ட் ஹாலுக்கு 1310இல் கிடைத்தது, இரண்டாம் எட்வர்டின் நிதி அதிகாரியாக இருந்த ஜான் டி மார்க்கன்ஃபீல்ட் வாங்கியது. 1569இல் எலிசபெத்துக்கு எதிராக வடக்கில் எழுந்த கிளர்ச்சியில் அந்தக் குடும்பம் சேர்ந்து எல்லாவற்றையும் இழந்தது. அதன்பிறகு நெடுங்காலம் அது வெறும் குத்தகைப் பண்ணை வீடாக இருந்ததால், பணக்காரன் யாரும் வந்து இடித்து நவீனப்படுத்தவில்லை, அதனாலேயே தப்பியது.

தீவின் மேல் என்னென்ன இருந்தது?

நடுவில் பெரிய கூடம், சாப்பாடு, விசாரணை, விருந்து எல்லாம் அங்கேதான். ஒரு பக்கம் குடும்பத்தின் தனி அறைகள், சில வீடுகளில் சிற்றாலயம். சமையல்கட்டு தீக்குப் பயந்து தள்ளி இருக்கும். களஞ்சியம், தொழுவம், புறாக்கூடு, மீன்குளம் ஆகியவை பெரும்பாலும் அகழிக்கு வெளியே இன்னொரு முற்றத்தில். பாலம் பொதுவாக நிலையான மரப்பாலம், பிற்காலத்தில் கல் அல்லது செங்கல். தூக்குப்பாலம் எல்லா வீட்டிலும் இருந்தது என்று நினைப்பது படங்களால் வந்த பழக்கம். ஆனால் இருக்கும் இடத்தில் இருக்கிறது: சஃபோக்கின் ஹெல்மிங்ஹாம் ஹாலில் 1510 முதல் ஒவ்வோர் இரவும் தூக்குப்பாலத்தைத் தூக்கி வைப்பதாக டோலிமாஷ் குடும்பம் சொல்கிறது, அவர்கள் இன்னும் அங்கேயே வாழ்கிறார்கள்.

பிறகு ஏன் கைவிட்டார்கள்?

1315 முதல் 1317 வரை விடாத மழை, பெரும் பஞ்சம். 1348 கோடையில் தெற்குக் கரைத் துறைமுகம் வழியாகக் கொள்ளைநோய் வந்தது, இரண்டு ஆண்டுக்குள் மூன்றில் ஒருவரோ பாதிப்பேரோ செத்துப்போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் கேட்ட கூலியைக் கொடுத்தால்தான் வேலை நடக்கும் என்ற நிலை. புதிதாக அகழி வெட்ட ஆளும் இல்லை, பழையதைத் தூர் வாரவும் பணம் இல்லை. வாரிசில்லாமல் போன மேனர்கள் பக்கத்து மேனரோடு சேர்ந்தன, இரண்டு வீடு எதற்கு என்று ஒன்றை விட்டுவிட்டார்கள். மர வீடு என்பதால் சட்டங்களைக் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம், மிஞ்சியது மேடும் பள்ளமும்தான்.

ஆனால் ஆசை போகவில்லை. நார்ஃபோக்கின் ஆக்ஸ்பரோ ஹால் 1482இல் உரிமம் பெற்று, செங்கல் வாயில்கோபுரத்தோடு அகழிக்கு நடுவே எழுந்தது. செஷயரின் லிட்டில் மோர்ட்டன் ஹாலில், கறுப்பு வெள்ளை மரச்சட்ட வீட்டின் மேல்மாடிகள் கோணலாகச் சாய்ந்து நிற்பதும் அகழிக்கு நடுவில்தான், கட்டத் தொடங்கியது 1500களின் ஆரம்பத்தில்.

உண்மையான அழிவு 20ஆம் நூற்றாண்டில், இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. தானிய உற்பத்தியைக் கூட்ட வேண்டும், வயலைப் பெரிதாக்க வேண்டும், புல்டோசர் வந்துவிட்டது. இருபது பேர் மூன்று மாதம் வெட்டியதை ஓர் இயந்திரம் சில நாளில் தூர்த்துவிட்டது. அந்த இழப்பைப் பார்த்துத்தான் 1971இல் ஆய்வாளர்கள் சேர்ந்து அகழித் தலங்களுக்கென்றே ஓர் ஆய்வுக் குழு ஆரம்பித்தார்கள். யார்க்‌ஷயர் அகழிகளை ஜீன் ல பதூரெல் என்ற பெண் ஆய்வாளர் ஒவ்வொன்றாகத் தேடித் தொகுத்தது இந்தத் துறைக்கே அடித்தளம். நாட்டின் கவனம் பெரிய கற்கோட்டைகள் மேல் இருந்தபோது புல்மேட்டைத் தேடி நடந்த இவர்களுக்கு நாம் எவ்வளவோ கடன்பட்டிருக்கிறோம்.

வெறும் பள்ளத்தில் ஆய்வாளர்களுக்கு என்ன கிடைக்கும்?

மாளிகையில் கிடைக்காதது கிடைக்கும். அகழிச் சேற்றின் அடியில் காற்று போகாது, அதனால் மரம், தோல், விதை, மகரந்தம் எதுவும் மக்காமல் இருக்கும். காலணி, மரக்கிண்ணம், தின்று துப்பிய பழக்கொட்டை, பாலத்தின் தூண்கள். தூணின் ஆண்டு வளையங்களைக் காலம் தெரிந்த மரங்களின் வளையங்களோடு ஒப்பிட்டால், பட்டை வரைக்கும் மிஞ்சியிருந்தால், அந்த மரத்தை எந்த ஆண்டு வெட்டினார்கள் என்றே சொல்லிவிடலாம்.

ஒரு சிக்கல் உண்டு. நல்ல வீட்டுக்காரன் அகழியை ஒழுங்காகத் தூர் வாரியிருப்பான், அப்படியென்றால் பழைய சேறு போய்விட்டது, அடியில் கிடப்பது கடைசியில் வாழ்ந்தவர்களின் குப்பைதான். ஆகவே எப்போது வெட்டினார்கள் என்று அறிய அகழிக்குள் தேடுவதைவிட, வெட்டிய மண்ணைத் தீவில் கொட்டினார்களே, அதற்கு அடியில் மூடிப்போன பழைய தரையில் தேடுவது நல்லது. அங்கே கிடக்கும் பானை ஓட்டின் காலத்துக்குப் பிறகுதான் அகழி வந்திருக்க முடியும்.

நானே தேடிக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், அதுதான் இதில் பெரிய சந்தோஷம். பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 25,000க்கு 1 அளவு வரைபடத்தை எடுங்கள். தொல்லிடங்களை அவர்கள் பழைய கோதிக் எழுத்தில் அச்சடிப்பார்கள், அந்த எழுத்தில் மோட் (Moat, அதாவது அகழி) என்று போட்டிருக்கும். மோட் ஃபார்ம், ஹால் ஃபார்ம் போன்ற பண்ணைப் பெயர்களைப் பாருங்கள். நீலக்கோடு திடீரென்று 90 பாகை திரும்பினால் சந்தேகப்படுங்கள், இயற்கையான குளம் அப்படித் திரும்பாது. விமானத்திலிருந்து லேசர் கதிரால் நிலத்தை அளக்கும் லைடார் படங்களையும் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2015 முதல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறது, தூர்த்த அகழியின் லேசான பள்ளம்கூட அதில் தெரியும். வறண்ட கோடையில் பழைய பள்ளத்தின் மேல் பயிர் மட்டும் பச்சையாக நிற்பதும் ஒரு துப்பு.

நேரில் போனால், தட்டையான மேடு, அதற்கு ஒரு மண்பாதை, மூலை திரும்பும் பள்ளம், அடர்ந்த காஞ்சொறிச் செடி. பல நூற்றாண்டு மனிதரும் மாடும் வாழ்ந்த மண்ணில் அந்தச் செடி செழித்து வளரும்.

உள்ளே இறங்கலாமா? மெட்டல் டிடெக்டர் கொண்டுபோகலாமா?

பொதுப் பாதையில் நின்று பார்ப்பதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். பாதையை விட்டு இறங்க நிலக்காரரின் அனுமதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்சின்னமாகப் பதிவான இடத்தில் அனுமதியில்லாமல் மெட்டல் டிடெக்டர் பயன்படுத்துவது 1979 சட்டப்படி குற்றம், தோண்டுவதும் அப்படியே. பதிவாகாத இடத்திலும் தயவுசெய்து தோண்டாதீர்கள். ஒரு நாணயத்தை எடுக்க ஒரு குழி போட்டால், அது எந்த அடுக்கில் கிடந்தது என்ற செய்தி என்றைக்குமாகப் போய்விடும், நாணயத்தைவிட அந்தச் செய்திதான் விலைமதிப்பு. கொண்டை நியூட் என்ற, சட்டப் பாதுகாப்பு பெற்ற, பல்லி மாதிரி இருக்கும் நீர்நில உயிரி பல அகழிகளில் முட்டையிடும், அதனால் தண்ணீரையும் கலக்க வேண்டாம். சேறு எவ்வளவு ஆழம் என்று மேலே இருந்து தெரியாது, குழந்தைகளோடு போனால் கரையிலேயே நில்லுங்கள்.

வீடும் அகழியும் முழுதாக இருப்பதைப் பார்க்க எங்கே போகலாம்?

கென்ட்டில் இக்தம் மோட். 1300களின் ஆரம்பத்தில் தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த வீடு, முற்றத்தைச் சுற்றி 70க்கு மேல் அறைகள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக்காரர் சார்லஸ் ஹென்றி ராபின்சன் இளவயதில் பார்த்து மனதில் வைத்திருந்து 1953இல் வாங்கினார், 1985இல் இறந்தபோது பழைய வீடுகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு 1989 முதல் 2004 வரை 1 கோடி பவுண்டுக்கும் மேல் செலவிட்டு, ஒவ்வொரு மரச்சட்டமாகக் கழற்றிப் பழுதுபார்த்தார்கள். முற்றத்தில் டிடோ என்ற செயின்ட் பெர்னார்ட் நாய்க்காக 1891இல் கட்டிய வீடு இருக்கிறது, அந்த நாய்வீடும் நாட்டின் முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்ட்‌ஷயரின் பிராட்டன் காசிலும் பெயரில்தான் கோட்டை, உண்மையில் மூன்று ஏக்கர் தீவில் நிற்கும் மேனர் வீடு.

லண்டனில் இருக்கிறேன், கார் இல்லை. எங்கே போவது?

ஹாரோவுக்குப் போங்கள். நம் தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வாழும் அதே ஹாரோதான், பலருக்கு வீட்டிலிருந்து நடக்கும் தூரம். ஹெட்ஸ்டோன் மேனர் என்ற வீட்டின் பழைய பகுதி 1310ஐச் சேர்ந்தது, மரங்களின் ஆண்டு வளையத்தை ஒப்பிட்டுக் கண்டது. 1344இல் கேன்டர்பரி பேராயர் ஜான் ஸ்ட்ராட்ஃபோர்ட் வாங்கினார், 1546இல் எட்டாம் ஹென்றி பேராயர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்குள் தன் அரசவையைச் சேர்ந்த ஒருவருக்கு விற்றுவிட்டார். பக்கத்தில் 1506இல் கட்டிய பெரிய மரக் களஞ்சியமும் நிற்கிறது. இப்போது எல்லாம் சேர்ந்து அருங்காட்சியகம், நுழைவுக் கட்டணம் கிடையாது.

அகழியில் இன்றும் தண்ணீர் நிற்கிறது. உள்ளே போவதற்கு முன் வெளிக்கரையோடு போகமுடிந்த வரைக்கும் நடந்து, மூலைகள் எங்கே திரும்புகின்றன, தீவு வெளிநிலத்தைவிட எவ்வளவு உயரம் என்று பார்த்துவிட்டு, அப்புறம் பாலத்தில் ஏறுங்கள். அருங்காட்சியகம் எந்த நாட்களில் திறந்திருக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.